விட்டுப் போகும் உரிமை

மாலியின் கால்பந்து ஆட்டக்காரர் சாலிஃப் கெய்ட்டாவைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அந்த டாக்சியில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1967 செப்டம்பர். மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கிளம்பி, லைபீரியா வழியாக வந்து, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இறங்குகிறார் இருபது வயது இளைஞர். அவரை அழைத்துப்போக வந்தவர்கள் நகரின் மறுகோடியில், லெ பூர்ஜே விமான நிலையத்தில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் வெளியே வந்து ஒரு டாக்சியைப் பிடித்து, செயிண்ட் எத்தியேன் போக வேண்டும் என்கிறார். ஐந்நூறு கிலோமீட்டர். பாரிஸையும் லியோனையும் இணைக்கும் அதிவேகச் சாலைகூட அப்போது முழுதாக முடிந்திருக்கவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தபோது கூலி ஆயிரம் ஃபிராங்கைத் தாண்டியிருந்தது. அந்த ஊரின் கால்பந்து கிளப் அந்தப் பணத்தைக் கொடுத்தது.

2023 செப்டம்பர் 2 அன்று, 76 வயதில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் இந்த டாக்சிதான் முன்னால் வந்தது. கேட்க இனிமையான கதை. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதில் அவர் ஊர் உலகம் தெரியாத ஒரு வெள்ளந்திப் பையனாகிவிட்டார். தூரத்தின் கணக்கு அறியாதவன், அதிர்ஷ்டம் வாசலில் வந்து நின்றவன் என்று. எனக்கு இந்தச் சித்திரத்தோடு உடன்பாடில்லை. டாக்சியில் ஏறியவர் பதினாறாவது வயதிலேயே மாலியின் தேசிய அணிக்கு ஆடியவர். ஆப்பிரிக்க சாம்பியன் கிளப் கோப்பையின் முதல் இரண்டு இறுதிப் போட்டிகளையும் எட்டியவர். ஒன்று ஸ்தாத் மாலியேன் அணியோடு, அடுத்தது ரியல் பமாக்கோவோடு. இரண்டிலும் தோல்வி. ஆனால் 1966-இல் அந்த ஒரு தொடரில் மட்டும் 14 கோல் அடித்திருந்தார். தன் கால்களுக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். பமாக்கோவில் வாழ்ந்த லெபனான்காரர் ஒருவர், செயிண்ட் எத்தியேன் அணியின் தீவிர ரசிகர், கிளப்புக்குக் கடிதம் எழுதி இவரைப் பரிந்துரைத்திருந்தார். தன்னை வரவழைத்தவர்கள் வழிச்செலவைக் கொடுப்பார்கள் என்று நம்பி டாக்சியில் ஏறியதில் அறியாமை எதுவும் இல்லை. ஐரோப்பாவில் அவர் வைத்த முதல் கோரிக்கை அது. நிறைவேறியது.

அவர் ஏன் ஒளிந்து கிளம்ப வேண்டியிருந்தது என்ற கேள்வியை டாக்சிக் கதை தொடுவதேயில்லை.

மாலி 1960-இல் விடுதலை பெற்றது. முதல் அதிபர் மொதிபோ கெய்ட்டா. (கெய்ட்டா அங்கே பரவலான குலப்பெயர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவும் கெய்ட்டாதான், உலகம் அறிந்த பாடகர் சாலிஃபும் கெய்ட்டாதான்.) சோசலிசப் பாதையை வரித்துக்கொண்ட அந்த அரசு 1962-இல் பிரெஞ்சு ஃபிராங்க் வளையத்தைவிட்டு வெளியேறித் தனக்கென்று ஒரு நாணயம் அச்சிட்டது. ஐந்தே ஆண்டுகளில் கஜானா காய்ந்து, பாரிஸோடு மறுபடி ஒப்பந்தம் போட வேண்டிவந்தது. 1967 மே மாதம் மாலி ஃபிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆகஸ்டில் அதிபர் புரட்சியைத் தீவிரப்படுத்துவதாக அறிவித்தார். செப்டம்பரில் ஆட்டக்காரர் கெய்ட்டா கிளம்பினார். பழைய எஜமானனிடம் கையேந்த நேர்ந்த அவமானம் ஆறாத ஒரு நாட்டில், ஆகச் சிறந்த ஆட்டக்காரன் அதே எஜமானனின் ஊருக்குக் கூலிக்கு ஆடப் போகிறான் என்றால் அரசுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

கண்டம் முழுக்கவே இந்த வருத்தம் இருந்தது. வெளிநாட்டில் ஆடும் இருவருக்கு மேல் எந்த நாடும் தன் அணியில் சேர்க்கக் கூடாது என்று 1965-இல் ஆப்பிரிக்கக் கோப்பைக்கு விதி வகுத்தார்கள். 1982 வரை அந்த விதி நீடித்தது. மறுபக்கம், உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் இடம்கூட உறுதியாக ஒதுக்க ஃபிஃபா மறுத்ததால் 1966 போட்டியை மொத்தக் கண்டமும் புறக்கணித்தது. நியாயமான புறக்கணிப்பு. அதன் பலனாகத்தான் 1970-இல் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் 1966-இல் பத்தொன்பது வயதில் இருந்த ஒருவனுக்கு அந்த நியாயம் என்ன கொடுத்தது? நாட்டுக்குள் பணமில்லாத அமெச்சூர் ஆட்டம், வெளியே உலகக் கோப்பை இல்லை, கண்டத்தின் கோப்பையிலும் வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு இருநாற்காலி விதி. நாட்டின் மானம் பெரிதுதான். அதற்கான விலையை ஒருவனுடைய பத்து வருட உடல்பலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்போது அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

போய்ச் சேர்ந்த ஊர் பாரிஸ் மாதிரியான ஊர் அல்ல. செயிண்ட் எத்தியேன் அப்போது நிலக்கரிச் சுரங்கங்களும் துப்பாக்கித் தொழிற்சாலைகளும் சைக்கிள் பட்டறைகளும் நிறைந்த ஊர். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஆலைப் புகை. மைதானத்தின் பெயர் ஜொஃப்ருவா கிஷார். காசினோ என்ற மளிகைக் கடைச் சங்கிலியைத் தொடங்கியவரின் பெயர் அது. அணியின் பச்சை நிறமும் அந்தக் கடையின் நிறம்தான். கிளப்பின் தலைவர் ரொஜே ரோஷே, வாயில் எப்போதும் புகைக்குழாயோடு படங்களில் தெரிபவர். உழைப்பாளிகளின் ஊர், உழைப்பாளிகளின் ஆட்டம், மேலே ஒரு முதலாளி.

இந்த ஊருக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் கெய்ட்டா அல்ல. அவருக்கு முன் வந்த இருவரைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்வது தப்பு என்றே நினைக்கிறேன்.

ஒருவர் கேமரூனைச் சேர்ந்த யூஜீன் ஞோ லெயா. 1950களில் செயிண்ட் எத்தியேனின் முன்கள ஆட்டக்காரர். ஆடிக்கொண்டே சட்டம் படித்தவர். 1957-இல் அந்த அணி முதன்முறையாகப் பிரெஞ்சு லீக்கை வென்றபோது அதில் இருந்தார். அவர் அடித்த கோல்களைவிடப் பெரிய காரியம் ஒன்று 1961-இல் நடந்தது. 1958 உலகக் கோப்பையில் 13 கோல் அடித்த ஜுஸ்த் ஃபோந்தேன் போன்றவர்களோடு சேர்ந்து பிரான்ஸின் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பிரான்சில் ஒருவன் கிளப்போடு கையெழுத்திட்டால் முப்பத்தைந்து வயதுவரை அவன் அந்தக் கிளப்புக்குச் சொந்தம். விற்பதும் வைத்திருப்பதும் கிளப்பின் இஷ்டம். ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று 1963-இல் ரேமோன் கோப்பா வெளிப்படையாகச் சொன்னதற்காக அவரைத் தடைசெய்தார்கள். ஐரோப்பாவின் தங்கப் பந்து வாங்கியவருக்கே அந்த கதி. இந்த அமைப்பை எதிர்த்த சங்கத்தின் அஸ்திவாரத்தில் ஓர் ஆப்பிரிக்கரின் சட்டப் படிப்பு இருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்தில் ஆப்பிரிக்கர்களின் பங்களிப்பு என்று பட்டியல் போடும்போது வேகம், உடல்வலு, தந்திரம் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஞோ லெயாவின் பெயர் அந்தப் பட்டியல்களில் வருவதே அபூர்வம்.

இன்னொருவர் ரஷீத் மெக்லூஃபி. அல்ஜீரியாவின் செத்தீஃப் பகுதியில் பிறந்தவர். 1945 மே மாதம் பிரெஞ்சுப் படை அங்கே நடத்திய படுகொலையின்போது எட்டு வயதுச் சிறுவன். பின்னால் செயிண்ட் எத்தியேனின் நட்சத்திரமாகி, பிரான்ஸ் தேசிய அணிக்கும் ஆடினார். 1958 உலகக் கோப்பைக்குப் போகக் காத்திருந்தவர், அந்த ஏப்ரலில் வேறு சில அல்ஜீரிய ஆட்டக்காரர்களோடு இரவோடு இரவாகப் பிரான்ஸைவிட்டு வெளியேறி துனிஸ் போய்ச் சேர்ந்தார். அல்ஜீரிய விடுதலை முன்னணியின் அணியாக அவர்கள் நான்கு ஆண்டுகள் கிழக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆடினார்கள், இல்லாத ஒரு நாட்டின் கொடியோடு. நாடு பிறந்தது. 1962-இல் மெக்லூஃபி செயிண்ட் எத்தியேனுக்கே திரும்பி வந்து மறுபடி பச்சைச் சட்டை போட்டார்.

1967-68 பருவத்தில் கெய்ட்டாவும் மெக்லூஃபியும் ஒரே அணியில் ஆடினார்கள். ஒரே உடைமாற்றும் அறை. ஒருவர், தன் நாட்டுக்காகப் பிரான்ஸைவிட்டு ரகசியமாக ஓடியவர். மற்றவர், பிரான்சில் ஆடுவதற்காகத் தன் நாட்டைவிட்டு ரகசியமாக ஓடியவர். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொள்ளும்போது என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவரின் செய்கை தியாகம் என்றும் மற்றவருடையது சுயநலம் என்றும் பிரித்துவிடுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. தன்னை வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்காமல் எழுந்து போகும் துணிவு இரண்டிலும் ஒன்றே. மெக்லூஃபி 1958-இல் இழந்தது ஆட்டக்காரராக அவருக்கிருந்த ஒரே உலகக் கோப்பை வாய்ப்பு. அதை நினைத்தால் அவர் செய்தது இன்னும் உயரத்தில் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டை உண்டாக்கும் காலத்துக்கு ஒருவித ஆள் தேவைப்படுகிறான் என்றால், உண்டான நாட்டிடம் 'நான் உன் சொத்து அல்ல' என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அந்தப் பருவத்தில் செயிண்ட் எத்தியேன் லீக், கோப்பை இரண்டையும் வென்றது. 1968 மே 12 அன்று, பாரிஸ் தெருக்களில் மாணவர் கிளர்ச்சி கொதித்துக்கொண்டிருந்த வாரத்தில், கோப்பை இறுதிப் போட்டி. போர்தோ அணிக்கு எதிராக 2-1. இரண்டு கோலும் மெக்லூஃபியுடையவை. அவர் கையில் கோப்பையைக் கொடுத்தவர் ஷார்ல் தெ கோல். பத்து நாள் கழித்து கால்பந்து ஆட்டக்காரர்களின் குழு ஒன்று, கால்பந்து ஆடுபவர்களுக்கே சொந்தம் என்ற முழக்கத்தோடு பிரெஞ்சுக் கால்பந்துச் சம்மேளனத்தின் அலுவலகத்தைக் கைப்பற்றி உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு ஆயுள் ஒப்பந்தம் ஒழிந்து, குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம் வந்தது.

மெக்லூஃபி போனபின் அணி கெய்ட்டாவைச் சுற்றிச் சுழன்றது. மெலிந்த உடம்பு, நீண்ட எட்டு, பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டத்தின் நடுவே திசை மாறும் வித்தை. பக்கத்தில் எர்வே ரெவெல்லி. 1969 இலையுதிர் காலத்தில் மியூனிக்கில் பெக்கன்பவரின் பயர்ன் அணியிடம் 0-2 என்று தோற்றுவிட்டு வந்து, சொந்த மண்ணில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். ரெவெல்லி இரண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் கெய்ட்டா ஒன்று. 1968 முதல் 1970 வரை மூன்று ஆண்டும் லீக் பட்டம். 1970-71-இல் கெய்ட்டா ஒரே பருவத்தில் 42 கோல் அடித்தார். செடான் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் ஆறு. அந்த ஆண்டு மார்செய் அணியின் யோசிப் ஸ்கோப்ளார் 44 அடித்ததால் இவர் இரண்டாமவர். மொத்தமாக செயிண்ட் எத்தியேனுக்கு 149 லீக் ஆட்டங்களில் 125 கோல்.

அப்படி ஆடியவர் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்துப் போட்டியில் சேர்த்திகூட இல்லை. ஐரோப்பாவில் ஆடினாலும் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த விருது கிடையாது. 1995-இல் விதியை மாற்றினார்கள். அந்த ஆண்டே லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வாங்கினார். கெய்ட்டாவுக்குக் கிடைத்தது தங்கப் பந்தைத் தரும் பத்திரிகையே 1970-இல் புதிதாகத் தொடங்கிய ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. முதல்முறை வாங்கியவர் அவர். பெருமைதான். ஆனால் ஆடுவது ஒரே மைதானத்தில், அளப்பது வேறு கோலால். ரசிகர்கள் அவரைக் கருஞ்சிறுத்தை என்றார்கள். கிளப்பின் அடையாளமாகவே கருஞ்சிறுத்தை ஆகிப்போனது. அதில் நிஜமான அன்பு இருந்தது. இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. இருந்தாலும் கறுப்பு ஆட்டக்காரன் என்றால் ஒரு காட்டு விலங்கின் பெயர் நாவில் தானாக வருவதை நான் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். ரெவெல்லிக்கு யாரும் மிருகப் பெயர் வைக்கவில்லை.

42 கோலுக்குப் பிறகு அவர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். இதிலிருந்துதான் அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான பகுதி தொடங்குகிறது என்பது என் எண்ணம். கோல்களைக் கொண்டாடும் எழுத்துகள் இந்த இடத்தில் சற்றே சங்கடப்பட்டு வேகமாக நகர்ந்துவிடுகின்றன. ரோஷேவுக்கும் அவருக்கும் தகராறு முற்றியது. 1972-இல் கெய்ட்டா பரம எதிரியான மார்செய்க்குப் போனார். பழைய கிளப் விடவில்லை; தடை வந்தது, சில மாதங்கள் ஆட முடியவில்லை. பிறகு மார்செய் சட்டையில் செயிண்ட் எத்தியேனுக்கு எதிராக இறங்கினார். 3-1. அதில் இரண்டு கோல் அவருடையது. அடித்துவிட்டு, பழைய முதலாளிகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, ஒரு கையை மடக்கி மறு கையால் முழங்கை மடிப்பில் அடித்துக் காட்டினார். பிரான்சில் அதைவிட ஆபாசமான சைகை குறைவு. நன்றி கெட்டவன் என்றார்கள். டாக்சிக் கூலி கொடுத்து வரவேற்ற கிளப்புக்கு இதுதானா பதில் என்றார்கள்.

நன்றி என்ற சொல் வேலை கொடுப்பவன் வாயில் வரும்போது கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். மூன்று லீக் பட்டங்கள், இரண்டு கோப்பைகள், 125 கோல்கள் ஒரு பக்கம். ஆயிரத்துச் சொச்சம் ஃபிராங்க் மறு பக்கம். வெளியூரிலிருந்து வந்தவனிடம் மட்டும், அவன் சம்பாதித்ததைக்கூட நாம் கொடுத்த தானம்போலப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1971-இல், இரண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர்களும், கார்னுஸும் பொஸ்கியேயும், ரோஷேயோடு மோதி மார்செய்க்குத்தான் போனார்கள். அவர்களைத் திட்டினார்கள். ஆனால் அவர்களை யார் கரையேற்றினார்கள் என்ற கேள்வி எழவில்லை.

மார்செயில் இன்னொரு சோதனை. ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான் என்பது விதி. ஸ்கோப்ளாரும் சுவீடனின் மேக்னஸனும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். தீர்வு எளிது: கெய்ட்டா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டால் போதும். கிளப் வற்புறுத்தியது. அவர் மறுத்துவிட்டார். மாலியிலிருந்து ஒளிந்து ஓடிவந்தவர்தான். தன்னை விட மறுத்த நாடு, வெளியில் ஆடுபவனை இருநாற்காலி விதிக்குள் அடைத்த கண்டம். 1972 மார்ச்சில் யவுண்டேயில் மாலி முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போய், காங்கோவிடம் 2-3 என்று தோற்றபோது, இவர் காயத்தோடு வெளியே இருந்தார். மனக்கசப்புக்குக் காரணம் போதுமான அளவு இருந்தது. ஆனாலும் மாலிக்காரனாகவே இருப்பேன் என்றார். விட்டுப் போவதற்கும் கைவிடுவதற்கும் நடுவே இருக்கும் தூரம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைக் கண்டித்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் அது பிடிபடவில்லை.

விளைவு, ஒரே பருவத்தில் மார்செயை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. 1973-இல் ஸ்பெயின் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. அந்த ஆண்டில்தான் பார்சிலோனா க்ரைஃபை வாங்கியது. வலென்சியா கெய்ட்டாவை வாங்கியது. ஜெர்மானியரைத் தேடிப் போன கிளப் ஒரு கறுப்பனோடு திரும்பி வந்திருக்கிறது என்ற பொருளில் தலைப்புப் போட்டு அவரை வரவேற்றது ஒரு பத்திரிகை. மூன்று ஆண்டுகள் அங்கே ஆடினார். பிறகு லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் அணிக்கு மூன்று ஆண்டுகள். 1978-இல் போர்ச்சுகல் கோப்பை. காலனிகளைப் பிடித்துவைத்திருந்த சர்வாதிகாரம் விழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நகரம் அது. கடைசியாக அமெரிக்காவில், பாஸ்டன் பக்கத்து அணி ஒன்றில் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்.

பிறகு ஊருக்குத் திரும்பினார். 1990களில் பமாக்கோவில் தன் பெயரிலேயே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். மாலியில் அப்படி ஒன்று அதற்குமுன் இல்லை. மஹமது தியாரா அங்கே பயின்றவர். லியோன் வழியாக 2006-இல் ரியல் மாட்ரிட் போனபோது பேசப்பட்ட விலை 2 கோடி 60 லட்சம் யூரோ. கெய்ட்டாவின் உறவினரான சேது கெய்ட்டாவும் அங்கே பயின்றவர்தான். 2008 முதல் 2012 வரை பார்சிலோனாவில், குவார்தியோலாவின் அணியில் ஆடினார். ஆக, கெய்ட்டா மேசையின் எதிர்ப்பக்கத்துக்கு வந்துவிட்டார். இப்போது அவர் வளர்ப்பவர், அனுப்புபவர், கையெழுத்துப் போடுபவர். ஒரு பையனின் திறமையில் பங்கு யாருக்கு என்ற கேள்வியை ரோஷேயின் நாற்காலியிலிருந்து பார்க்க நேர்ந்தவர்.

இந்த இடத்தில் அவரைப் பழிக்கவும் ஆட்கள் உண்டு. ஆப்பிரிக்கப் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் தொழில் என்று இத்தகைய மையங்களைச் சொல்வார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மையம் இல்லாத இடத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைப் பாரிஸுக்குக் கூட்டிப்போய், சோதனை ஆட்டத்தில் தேறாதபோது ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுப் போகும் தரகர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நிலத்தை விற்றுக் கொடுத்த பணத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் அந்தப் பையன்கள் ஊர் திரும்புவதில்லை. அவர்களில் பலருக்கும் யாரோ ஒரு கெய்ட்டாவின் டாக்சிக் கதை தெரிந்திருக்கும். பதினாறில் தேசிய அணிக்கு ஆடியதும், பேரம் பேசியதும், தடைக்காலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்ததும் அந்தக் கதையில் சொல்லப்பட்டிருக்காது. பதினெட்டு வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு ஆட்டக்காரரை மாற்றுவதற்கு ஃபிஃபா 2001-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஓர் ஆட்டக்காரர் விற்கப்படும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கை, அவரைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் விதி வந்தது. பமாக்கோவின் புழுதி மைதானங்களுக்கு உரிமையோடு ஒரு தொகை வர வழி பிறந்தது அப்போதுதான்.

2005-இல் மாலி கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். நான்கு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அவர் காலத்துத் தேசிய அணியின் தூண் ஃபிரெடெரிக் கனூத்தே. லியோனை ஒட்டிய ஊரில், செயிண்ட் எத்தியேனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பிறந்தவர். பிரான்ஸின் இளையோர் அணிக்கு ஆடியவர். விதி மாறி, எந்த நாட்டுக்கு ஆடுவது என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு வந்தபோது, பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டே தகப்பனின் நாடான மாலியைத் தேர்ந்தெடுத்தார். 2007-இன் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. கெய்ட்டாவுக்குப் பிறகு அந்தப் பட்டம் மாலிக்கு வந்தது அந்த ஒரு முறைதான். கனூத்தே எந்த அரசிடமும் அனுமதிக் கடிதம் கேட்க வேண்டியிருக்கவில்லை; 1967-இன் கெய்ட்டாவுக்கு அது வாய்க்கவில்லை.